அறுபத்தெட்டு டிகிரி

“யார் சார் இதுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சது?”

ஏணியின் உச்சியிலிருந்து தீயணைப்புத் துறை ஆய்வாளர் கேட்டார்.

கல்யாண மண்டப மேனேஜர் பெருமையாக நிமிர்ந்தார். “நான்தான் மேடம் அடிக்கச் சொன்னேன். கூரையெல்லாம் சந்தன கலர்ல இருக்க, இது மட்டும் பித்தளையா பல்லிளிச்சுது. போட்டோவுல நல்லாவா இருக்கும்?”

“இது அலங்காரம் இல்ல சார், ஸ்பிரிங்க்ளர். இந்தக் கண்ணாடிக் குமிழ்தான் தண்ணியை அடைச்சு வச்சிருக்கு. சூடு அறுபத்தெட்டு டிகிரியைத் தொட்டா, உள்ள இருக்கிற திரவம் விரிஞ்சு குமிழ் உடையும், தண்ணி கொட்டும். நீங்க அதுக்குக் கம்பளி போத்தி விட்டிருக்கீங்க. அதுக்குச் சூடு உறைக்கிறதுக்குள்ள மேடை சாம்பலாயிடும்.”

“நாலஞ்சு உடையாட்டிப் போகுது மேடம். ஒண்ணு உடைஞ்சாலே எல்லாம் சேர்ந்து கொட்டிடுமே!”

“அது சினிமாவுல. நிஜத்துல எதுக்கு அடியில தீயோ அது மட்டும்தான் திறக்கும். நூத்திப் பத்து ஸ்பிரிங்க்ளரையும் மாத்துங்க. அதுவரைக்கும் மண்டபத்துக்குப் பூட்டு.”

“நானே சுரண்டிடறேன் மேடம்!”

“சுரண்டினா குமிழ் போச்சு. புதுசுதான் போடணும். வந்து சேரப் பத்து நாளாவது ஆகும்.”

மேனேஜர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, ஞாயித்துக்கிழமை கல்யாணம்! பொண்ணோட அப்பா ஆறு மாசம் நடையா நடந்து பிடிச்ச தேதி. இப்பப் போய் மண்டபம் இல்லைன்னா எங்க போவாங்க? அந்தப் பொண்ணு கண்ணீர் உங்களைச் சும்மா விடாது மேடம்.”

“ஆயிரம் பேர் உட்காருவாங்க சார்.” ஆய்வாளர் மெல்லக் கீழே இறங்கினார். “கதவு ரெண்டுதான்.”

மேனேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“சரி, அந்தப் பாவத்தையும் நீங்களே கட்டிக்குங்க. பொண்ணோட நம்பர் என்கிட்ட இருக்கு. என்னால முடியாது, நீங்களே சொல்லுங்க!”

பதிவேட்டைப் பிரித்து, எண்ணை அழுத்தி, செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஆய்வாளரின் காக்கிச் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் அதை எடுத்து நிறுத்தினார். “பொண்ணுகிட்டச் சொல்லியாச்சு சார். பூட்டைக் குடுங்க. மாப்பிள்ளை வீட்டுல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”