அழுத்துங்கக்கா!

"அழுத்துங்கக்கா! ஒடஞ்சா என் மெஷின்தானே, நான் பாத்துக்கிறேன்!"

ஏஞ்சல் போட்ட சத்தத்தில் சிவரஞ்சனி கையையே எடுத்துவிட்டாள். ரேம் அட்டை போர்டின் மேல் ஒப்புக்கு உட்கார்ந்திருந்தது.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு அவள் வரத் தொடங்கி இது இரண்டாம் நாள். கடைக்காரி ஏஞ்சல் அவளைவிட நாலு வயது சின்னவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் செத்துக் கிடக்கிற கம்ப்யூட்டரைக் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் ஓட வைத்துவிடுவாள்.

"அதுவா பூட்டிக்கிடும்னு நெனச்சேன்" என்றாள் சிவரஞ்சனி.

"அதுவா எப்படிக்கா பூட்டும்?"

"ஸ்கிரீன்ல அப்படித்தான். மவுஸால இழுத்துக்கிட்டுப் போயி விட்டா ஒட்டிக்கிடும். சரியா இருந்தா பச்சை வரும், தப்புன்னா செவப்பு. அழிச்சிட்டு மறுபடியும் போடலாம்."

ஏஞ்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஸ்கிரீன்ல மாட்டுறதெல்லாம் ஒரு வேலையா? பொம்மைக்குச் சோறு ஊட்டுற மாதிரில்ல இருக்கு!"

சிவரஞ்சனிக்குச் சுருக்கென்றது. அவள் டிப்ளமோ படித்த கொரோனா காலத்தில் லேப் பூட்டிக் கிடந்தது. செய்முறையெல்லாம் ஸ்கிரீனில் ஓடும் சிமுலேஷனில்தான். அதில் நூற்றுக்கு நூறு. எந்தப் பாகம் எங்கே போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் இந்தக் கடைக்கு வரும்வரை நிஜக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட்டதில்லை. திங்கட்கிழமை நாற்பது பேர் பார்க்க ஒன்றை முழுசாகக் கழற்றி, மாட்டி, ஓட வைத்தாக வேண்டும். அங்கே தடுமாறினால் மானம் கப்பலேறிவிடும்.

"எக்ஸாமா அக்கா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"ஒங்க வாத்தியாரு என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தாரு?"

சிவரஞ்சனி ரேமை எடுத்து, வெட்டு இருக்கும் பக்கம் பார்த்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். 'டக்'கென்று கொக்கிகள் கவ்விக்கொண்டன.

"இம்புட்டுத்தானா!"

"இம்புட்டுத்தான். இப்ப எல்லாத்தையும் கழட்டிப்புட்டு மொதல்லேருந்து வாங்க."

சனிக்கிழமைக்குள் பதினோரு தடவை கழற்றி மாட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. விடுகிற மாதிரி இல்லை.

பன்னிரண்டாவது தடவை சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. ஏஞ்சல் ஸ்குரூ டிரைவரோடு பாய்ந்து வந்தாள்.

"இரு, தொடாதே" என்று தடுத்தாள் சிவரஞ்சனி. கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தாள். "ப்ராசஸருக்குத் தனியா ஒரு பவர் ஒயர் போகும்ல, அதை மாட்டாம விட்டுட்டேன்."

ஆஃப் செய்து மாட்டினாள். திரை வெளிச்சமானது.

"நானா இருந்தா ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாத்திருப்பேன். கையே வைக்காம எப்படிக்கா சொன்னீங்க?"

"ஸ்கிரீன்ல இதே தப்பை அம்பது தடவை பண்ணியிருக்கேன்."

இந்த முறை ஏஞ்சல் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரையே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒங்களுக்கு ஒரு பயமும் இல்லக்கா. தைரியமாப் போயிட்டு வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை. பயிற்சி மையத்தின் லேப் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிவரஞ்சனிக்கு உள்ளங்கை வேர்த்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வருவது வரட்டும் என்று உள்ளே நுழைந்தாள்.

புது ஆசிரியையாக வந்த அவளைப் பார்த்ததும் நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"குட் மார்னிங், மிஸ்!"

முதல் பெஞ்சில் புது நோட்டும் கையுமாக நின்ற ஏஞ்சல் மட்டும் வாயைப் பிளந்தாள். பிறகு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "அக்கா... சர்டிபிகேட் பரீட்சையில அந்த ஸ்கிரீன்ல மாட்டுறதுலதான் நான் ரெண்டு தடவை பெயிலு."