சுவரில் இரண்டு படங்கள்

“வரவேற்பறையில மாட்டியிருக்கிற என் போட்டோ ரெண்டையும் கழட்டுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று கூட வேலை செய்பவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பில் உட்காரும் அந்தப் பெண் கேட்டேவிட்டாள்.

உடல் இளைக்கும் பவுடர் விற்கும் முதலாளிக்கு முகம் சிவந்தது. “மெதுவாப் பேசும்மா, வெளியே அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. ‘முன்’னு எழுதின படத்துல குண்டா இருக்கே, ‘பின்’னு எழுதினதுல ஒல்லியா இருக்கே. அதைப் பார்த்துத்தானே வர்றாங்க!”

“உங்க பவுடரை விட்டு ஒரு வருஷம் ஆச்சு. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். போனை ஓரமா வச்சிட்டு நிதானமா மென்னு சாப்பிடுறேன், வயிறு போதும்னா எழுந்துடுறேன். இந்த ஒல்லி உடம்பு அதுல வந்தது.”

“டிகிரி வாங்கின திமிரு! ரெண்டு படத்துலயும் இருக்கிறது நீதானே? அதுல என்ன பொய்?”

“படத்துல பொய் இல்ல சார்.”

நேற்றே எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்டூலில் ஏறி இரண்டு படங்களையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டினாள். இப்போது ‘முன்’ என்ற எழுத்துக்கு மேல் ஒல்லி, ‘பின்’னுக்கு மேல் குண்டு.

“என்னம்மா பண்றே?” முதலாளி ஓடிவந்தார்.

“ஒல்லிப் படம் நான் இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எடுத்தது. குண்டுப் படம் உங்க பவுடரை ஆறு மாசம் குடிச்சப்புறம் எடுத்தது. இப்பதான் சரியா இருக்கு.”

காத்திருந்தவர்களில் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நீ எந்தப் பக்கமாம்மா நடக்கிறே?”

“இந்தப் பக்கம்தான், வாங்கக்கா.”

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.