முந்நூற்றுக்கு முந்நூறு

“பனம் விதை நட்டு நாலு மாசம். ஒரு குருத்தையும் காணலையே தங்கச்சி?” காலநிலைத் திட்டங்களுக்கு நிதி கொடுக்கும் கொழும்பு நிறுவனத்து அலுவலர் கேட்டார்.

“முளை மண்ணுக்குள்ள இருக்கு ஐயா, கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள் கண்டாவளை இளைஞர் குழுத் தலைவி கௌசலா. விதை நட்டிருந்தது போன வெள்ளத்தில் உடைந்த குளக்கட்டில். பனை வேரோடினால்தான் இனித் தாங்கும்.

“அப்ப கிண்டிப் பாப்போம்.”

“ஐயோ, வேண்டாம் ஐயா!”

அவருக்குச் சந்தேகம் வலுத்தது. “முந்நூறு விதை நட்டதா எழுதினது பொய்யா?”

கூட்டிவந்த ஆட்களை மண்வெட்டியோடு இறக்கினார். கௌசலா குறுக்கே நின்று கெஞ்சினாள். அவள் சொல்ல வந்தது எதையும் அவர் கேட்கவில்லை.

“ஒண்ணு விடாம எல்லாத்தையும் கிண்டுங்க!”

பின்னேரம் அவர் முகம் மலர்ந்தது. “முந்நூறும் முளைச்சிருக்கு! முழுப்புள்ளி போட்டுட்டேன். இன்னும் ஏன் அழுறீங்க? அடுத்த வருஷம் உங்க பனந்தோப்பைப் பார்க்க வாறேன்.”

கௌசலா கட்டோரம் குவிந்துகிடந்த பனங்கிழங்குகளை ஒரு பையில் அள்ளி அவரிடம் நீட்டினாள்.

“கிண்டின கிழங்கு திரும்ப வளராது ஐயா. எங்கட பனங்கூடல் இதுதான். கொண்டுபோய் அவிச்சுச் சாப்பிடுங்கோ.”