ஒரே ஒரு வரி

வகுப்பே 'வாயாடி' என்று அழைக்கும் அந்த மாணவிக்கு அன்று ஐந்து நிமிடம் தாமதம். வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷின் ஆப்சென்ட் போட்டது. அவளுக்கும் பின்னால் வந்து விரல் வைத்த பேராசிரியருக்கோ பிரசென்ட்.

"இது என்ன சார் நியாயம்?"

"மெஷின்கிட்டப் போய்க் கேளு! ஆமா, ஓப்பன் சோர்ஸ்ல முதல் ப்ராஜெக்ட் எதுன்னு முடிவு பண்ணியா?"

"பண்ணிட்டேன் சார். ஒரு ப்ரோக்ராம்ல ஒரே ஒரு வரி மாத்தணும்."

"ஒரு வரியா? அதை வச்சு என்னத்தைக் கிழிக்கப்போற?"

"பாக்கலாம் சார்."

அடுத்த மாதம் ஒருநாள், பேராசிரியர் வழக்கம்போல் ஆடி அசைந்து வந்து விரல் வைத்தார். ஆப்சென்ட்!

"எவன் இதுல கை வச்சது?"

"நான்தான் சார்." வாயாடி நிமிர்ந்து நின்றாள். "இந்த மெஷினோட சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், யார் வேணும்னாலும் திருத்தலாம். நான் திருத்தி அனுப்பினேன், அதை உருவாக்கினவங்க ஏத்துக்கிட்டாங்க. இது இருக்கிற எல்லாக் காலேஜுக்கும் அப்டேட் போயிடுச்சு."

"அப்படி என்னத்தைத் திருத்தின?"

"ஆசிரியர்களுக்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டாம்னு இருந்துச்சு. அந்த ஒரு வரிதான் சார்."