பின்வரிசையில் ஒரு கை

ஏலக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார்.

இரண்டு வழிகள். அவருக்கு அது மனப்பாடம்.

ஒன்று, கதிர் சிகிச்சை. கத்தி கிடையாது. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். தொண்டை வெந்துபோகும், எச்சில் விழுங்கவே அழுகை வரும். ஆனால் குரல் பெரும்பாலும் தேறிவிடும்.

இன்னொன்று, வாய் வழியாகவே லேசர். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். குரல் மட்டும் கரகரத்துப் போகலாம்.

கட்டி பயறளவுதான். எந்த வழியில் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் குரல் போய்விட்டால் அவர் எதற்கு? பழைய சாமான் ஏலக் கூடத்தில் முப்பது வருஷமாக நின்று கத்தியவர். கால் உடைந்த நாற்காலியைக்கூட சிம்மாசனமாக்கி விற்றுவிடுவார் மனுஷன் என்று கேலி செய்வார்கள். அவருடைய சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். மூன்றாம் தரம் சொல்ல அவசரப்படவே மாட்டார். காத்திருந்தால் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். பெரும்பாலும் உயர்ந்தும் இருக்கிறது.

பக்கத்தில் மனைவி. துவைக்கப் போட்ட கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவள் பிடித்த பிடியில்தான், போன வாரம் விஷயத்தைக் கக்கினார். அழுது தீர்த்துவிட்டு, இன்று தெம்பாக வந்திருந்தாள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தது நாம் செய்த புண்ணியம் என்று வழியெல்லாம் அதே பேச்சு.

"லேசரே போதும் டாக்டர். இவர் குரல் கொஞ்சம் குறைஞ்சா வீட்டுல எனக்கும் நிம்மதி" என்று சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. காலையில் எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

ஏலக்காரர் அந்தப் பார்வையைக் கவனித்தார். கூடத்தில் ஒரு பொருளை யாராவது இத்தனை நேரம் பார்த்தால், விரிசலைக் கண்டுபிடித்துவிட்டான் என்று அர்த்தம்.

டாக்டர் சீட்டைப் பிரித்தார். மடிப்பெல்லாம் நைந்து, நான்கு துண்டாகிவிடும் போலிருந்தது.

"இந்த ரெண்டு வழியும் நான் எழுதிக் கொடுத்த அன்னைக்கு இருந்துச்சு. இப்ப குரல்வளையையே எடுத்தாகணும்."

மனைவி சீட்டை வாங்கினாள். மேல்மூலையில் தேதி இருந்தது. விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. இரண்டு கையும் போதவில்லை. பதினொரு மாதம்.

அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு ஆஸ்பத்திரியில கேட்டேன்மா" என்றார் ஏலக்காரர். பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. "எல்லாரும் இதே ரெண்டைத்தான் சொன்னாங்க. மூணாவதா ஒண்ணு வரும்னு காத்திருந்தேன்."