படம் இல்லாத கோடு

மயூர் விஹாரில் டியூஷன் எடுக்கும் மாணிக்கவாசகத்துக்கு எரிச்சலாக இருந்தது. பதினொன்றாம் வகுப்பு ரெஜின், சேர்ந்ததிலிருந்து ஒருநாள்கூட வரவில்லை. அவன் அம்மா வினோலியாதான் தினமும் வந்து உட்கார்ந்தாள்.

"பரீட்சை உங்களுக்கா, அவனுக்கா?"

"எனக்குச் சொல்லித் தாங்க சார். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கேன்."

இரண்டு புள்ளிகளைக் குறித்துக் கோடு போட்டு, அதன் சமன்பாட்டை விளக்கினார்.

"படமே இல்லாம புரியுற மாதிரி வேற வடிவம் இருக்கா சார்?"

"இருக்கு. y = 2x + 3. செங்குத்து அச்சுல மூணுல ஆரம்பிக்கணும். வலப்பக்கம் ஒரு கட்டம் போனா, மேலே ரெண்டு கட்டம் ஏறணும். படத்தைப் பார்த்தா ஒரு நொடியில புரியுமே! பார்க்கிறதுக்குக்கூடவா அவனுக்குச் சோம்பல்?"

வினோலியா தலைகுனிந்தாள்.

"தீபாவளிக்கு யாரோ வச்ச பட்டாசுல அவனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு சார். ஆனா பரீட்சை எழுதியே தீருவேன்னு நிக்கான். அவன் உள்ளங்கையில விரலால வரைஞ்சுதான் சொல்லிக் கொடுக்கேன்."

மாணிக்கவாசகம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, தன் உள்ளங்கையை அவள் முன் நீட்டினார்.

"எப்படி வரையுறீங்கன்னு எனக்குக் காட்டுங்கம்மா. நாளையிலிருந்து நானே வீட்டுக்கு வரேன்."