நுழைந்த தேதி

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. மதுரை, உயர் நீதிமன்றக் கிளை. பட்டியலில் நாற்பத்தொன்றாவது வழக்கு, இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த ஒரு பெண் குடியுரிமை கேட்டுப் போட்டது.

பெயர் அழைக்கப்பட்டதும் அவள் எழுந்தாள்.

வக்கீல் வைக்கவில்லை. அவளே வாதாட வந்திருந்தாள்.

சட்டம் படித்தவள். முதல் வகுப்பில் தேறியவள். ஆனால் கறுப்பு அங்கி போட முடியாது. வக்கீலாகப் பதிவு செய்யக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, சட்டவிரோதக் குடியேறிகள் விண்ணப்பிக்க முடியாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு வரியைத்தான் இன்று உடைக்க வேண்டும்.

கறுப்பும் வெள்ளையுமாக நிறைந்திருந்த அறையில் அவள் மட்டும் நீலச் சுடிதாரில் இருந்தாள். வேண்டுமென்றே நீலம். வக்கீல் வேஷம் கட்டி வந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கடைசி பெஞ்சில் அம்மா. ஆங்கிலம் தெரியாது. பேருந்தில் வரும்போது, பேச்சு வேகத்தைப் பற்றி ஒரே ஒரு யோசனைதான் சொல்லியிருந்தாள்.

“கெதியாக் கதைக்காதை பிள்ளை. அவையள் எழுதோணும்.”

எதிரே, ஒன்றிய அரசுத் தரப்பில் மூத்த வழக்கறிஞர் இல்லை. வேறொரு நீதிபதி முன்னால் வாதாடிக்கொண்டிருந்தார். அவருடைய ஜூனியர் மட்டும் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

அழகுராஜா. உசிலம்பட்டிக்காரன். சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் அவளோடு ஒரே வகுப்பு.

காலையில் வராந்தாவில் பார்த்தபோதே கேட்டுவிட்டாள்.

“ஏன்டா, காலேஜ் மூட் கோர்ட் வாதப் போட்டில எங்கிட்ட தோத்ததுக்குப் பழி வாங்க வந்தியா?”

“நான் வாயே தொறக்க மாட்டேன் நிரோ. எல்லாம் சீனியர் பேசுவாரு. நான் அவருக்குப் பை தூக்குறவன்.”

“நல்லாத் தூக்கு. கீழ போட்றாத.”

இப்போது அவன் வாய் திறக்க வேண்டியிருந்தது.

சீனியர் வரும்வரை தள்ளிவைக்கும்படி கேட்டான். நீதிபதி மறுத்தார். கோப்பு கையில்தானே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அவன் சொன்னான். மனுதாரர் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே விண்ணப்பிக்கத் தகுதியில்லை.

சுத்தமான ஆங்கிலம். நிறுத்தி, நிதானமாக. ‘பெட்டிஷனர்’ என்றபோது ஒருமுறை திக்கியது. அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. உச்சரிப்பில் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய முறை வந்தது.

ஒரு மணி நேரம் பேசுகிற அளவுக்குத் தயாரித்திருந்தாள். பேசத் தொடங்கும்போது அவ்வளவும் வேண்டாம் என்று பட்டது.

சட்டவிரோதக் குடியேறி என்றால், உரிய ஆவணமின்றி இந்த நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவர். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் என்றைக்கு நுழைந்தேன் என்பதை அரசுத் தரப்பு சொல்லட்டும்.

அவ்வளவுதான். நிறுத்திக்கொண்டாள்.

நீதிபதி அழகுராஜாவின் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்கள். மனுதாரர் நுழைந்த தேதி?”

கோப்பில் ஒரு தேதி இருந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் ராமேசுவரத்தில் படகிலிருந்து இறங்கிய நாள். அதைப் படித்திருக்கலாம். சீனியர் இருந்திருந்தால் அதைத்தான் படித்திருப்பார். விவரம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்தா வாங்கியிருக்கலாம். வக்கீல்கள் அன்றாடம் செய்வதுதான்.

அவன் கோப்பைத் திறக்கவில்லை.

“லெவன்த் ஆகஸ்ட், டூ தௌசண்ட்.”

“எந்த வழியாக?”

“அரசு ஆஸ்பத்திரி, மை லார்ட். பிரசவ வார்டு.”

முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, நீதிபதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை பேசியதில் அவளுக்குப் புரிந்தது அந்தத் தேதி ஒன்றுதான்.

யார் இந்தப் பொடியன் என்று எட்டிப் பார்த்தாள்.

நீதிபதி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தாளர் உத்தரவை எழுதினார். இங்கேயே பிறந்தவரை நுழைந்தவர் என்று கொள்ள முடியாது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது செல்லாது. பதினாறு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த வழக்கு அழைக்கப்பட்டது.

வராந்தாவில் அவன் போனைக் காதில் வைத்து நின்றான். சீனியர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுநடுவே ‘சரிங்க சார்’ மட்டும்.

முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

“பை போச்சா?”

“போச்சு.”

“வீட்ல என்ன சொல்லுவ?”

“கனமா இருந்துச்சு, எறக்கி வச்சிட்டேன்னு சொல்லுவேன். நீ ரொம்ப ஃபீல் பண்ணாத, ஆமா.”

“நான் எங்க ஃபீல் பண்ணுனேன்? ‘பெட்டிஷனர்’னு சொல்றப்ப ஒருதரம் திக்குன. அதான் ஓடிக்கிட்டு இருக்கு மண்டைக்குள்ள.”

அவன் சிரித்துவிட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள்.

“என்னவாம் பிள்ளை?”

அம்மாவிடம் அவள் பேச்சு மாறியது.

“திருப்பி அனுப்பினது பிழையாம் அம்மா. பதினாறு கிழமைக்குள்ள முடிவு சொல்லோணுமாம்.”

அம்மா தலையாட்டினாள். பதினாறு கிழமை அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவள் அழகுராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, சாப்பிட்டனீங்களோ?”

கேன்டீனில் மூவரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் நிரோஜினிக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வந்தது.

2025 ஜூலையில், அதே முகாமில் பிறந்த இன்னொரு பெண்ணின் மனு பட்டியலில் ஏறியது. மனுதாரருக்கு வக்கீல் இருந்தார், கறுப்பு அங்கியில் நிரோஜினி. அரசுத் தரப்பு வாய்தா கேட்டது.